தாஹான் மலைக்குப் புறப்படும் முன்

நீண்ட பருவ விடுமுறை நெருங்கும் போதெல்லாம் வளாகத்தில் ஒரு பேச்சு எழுவதுண்டு. தேர்வு முடிந்ததும் எங்கே போகலாம் என்று தொடங்கும் அந்தப் பேச்சு, உணவகத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களில் யாராவது ஒருவர் "தாஹான் ஏறலாமா?" என்று கேட்பதோடு சூடு பிடிக்கும். அன்றிரவே ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகும். இருபது பேர் பெயர் கொடுப்பார்கள். ஆனால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பலருக்கும் தெளிவு இருப்பதில்லை. பல நாள் மலைப்பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதைத் தாஹான் மலையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளில் மிக முக்கியமானவற்றை வளாகத்திலேயே எடுத்துவிட வேண்டும். களைத்து, நனைந்து, குளிரில் நடுங்கும் ஒருவரால் சரியாகக் கணக்குப் போட முடியாது. உச்சி கண்ணெதிரே தெரியும்போது திரும்பிப் போகலாம் என்று சொல்லும் துணிவும் எளிதில் வராது. எனவேதான் திட்டம் தேவைப்படுகிறது. என்னென்ன பொருள் வாங்குவது என்ற பட்டியல் திட்டத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

குனோங் தாஹானின் உயரம் 2187 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. சபாவிலுள்ள கினபாலு மலையோ 4095 மீட்டர் உயரமுடையது. எண்களை மட்டும் பார்ப்பவர்கள், கினபாலுவை ஏறியவர்களுக்குத் தாஹான் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை அப்படியன்று. கினபாலுவில் பாதி வழியில் தங்கும் விடுதி உண்டு. கட்டிலும் சூடான உணவும் கிடைக்கும். பெரும்பாலோர் இரண்டு நாளில் ஏறி இறங்கிவிடுகிறார்கள். தாஹானில் விடுதி கிடையாது, கடை கிடையாது. உண்பது, உடுத்துவது, உறங்குவது எல்லாவற்றையும் நம் முதுகில் சுமந்து சென்று, முகாமிடங்களில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். தாழ்நிலக் காட்டிலிருந்து புறப்பட்டு, குன்றுகளை ஏறி இறங்கி, ஆறுகளைக் கடந்து, பாசி மூடிய மேகக் காட்டைத் தாண்டித்தான் உச்சியை அடைய முடியும்.

இம்மலை தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் இப்பூங்காவின் பரப்பளவு 4343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு! 1925ஆம் ஆண்டில் தாஹான் பகுதி வனவிலங்குக் காப்பகமாக்கப்பட்டது. 1930களின் இறுதியில் அது விரிவாக்கப்பட்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா ஆனது. நாடு விடுதலை பெற்ற பிறகு தாமான் நெகாரா என்று பெயர் மாறியது. யானையும் புலியும் இன்னும் வாழும் காடு இது. பாத்தேக் பழங்குடி மக்களின் வாழ்விடமும்கூட. அங்கே நாம் விருந்தினர் என்பதை மறக்கக் கூடாது.

தாஹானின் உச்சியை மனிதர் முதன்முதலில் எட்டியதாகப் பதிவாகியிருப்பது 1905ஆம் ஆண்டில், ஹெர்பர்ட் ராபின்சன் ஏற்பாடு செய்த ஆய்வுப் பயணத்தின்போதுதான். அதற்கு முன்னரும் சிலர் முயன்றார்கள். திரும்பி வந்தவர்களின் குறிப்புகள்தாம் பின்னால் சென்றவர்களுக்குப் பயன்பட்டன.

எந்த வழி?

பழக்கமான வழிகள் இரண்டு. முதலாவது, ஜெராண்டுட் நகர் வழியாகச் சென்றடையும் குவாலா தாஹானிலிருந்து தொடங்குவது. இதுவே பழைய வழி. மெலந்தாய், புத்தே, குவாலா தெக்கு, ரேய் முகாம், ரெஸ்கிட் மலை, கெடோங் மலை என்று நீண்டு செல்லும் இந்தப் பாதை ஒருவழியாகவே ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். தாஹான் ஆற்றைப் பல முறை கடக்க வேண்டும். போய்த் திரும்ப ஏழு நாளாவது பிடிக்கும்.

இரண்டாவது, மேராப்போவிலிருந்து செல்வது. சுங்கை ரெலாவ் பூங்கா அலுவலகத்தில் பதிந்துகொண்டு, நான்கு சக்கர உந்து வாகனத்தில் காட்டுச் சாலை வழியே குவாலா ஜூராம் வரை சென்று, அங்கிருந்து நடக்கத் தொடங்க வேண்டும். கோர், பெர்மாத்தாங், குபாங், பெலுமுட், போன்சாய், போத்தாக் எனும் முகாம்களைக் கடந்து உச்சியை அடையலாம். ஒருவழித் தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நான்கு பகல், மூன்று இரவு என்பது பலரும் வகுக்கும் திட்டம். இரு வழிகளையும் இணைத்து, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவோரும் உள்ளனர்.

முதன்முறை செல்லும் மாணவர்களுக்கு மேராப்போ வழியே பொருத்தமானது. தூரம் குறைவு என்பது ஒரு காரணம். மற்றொன்று, யாருக்காவது முடியாமல் போனால் வந்த வழியே திரும்பும் தூரமும் குறைவு. மேராப்போவில் ரயில் நிலையமும் இருக்கிறது. 1931இல் முழுமை பெற்ற அந்தக் கிழக்குக்கரை ரயில் பாதையை அமைத்ததில் நம் முன்னோர்களான தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது.

எப்போது செல்லலாம்?

ஆண்டு இறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக்கரை மாநிலங்களில் பெருமழையைக் கொண்டு வரும். ஆறுகள் பெருகும் அக்காலத்தில் மலையேற்றம் மூடப்படுவது வழக்கம். மூடும் தேதியும் திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், பேருந்துச் சீட்டு வாங்குவதற்கு முன்னரே பூங்கா அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழை சாதாரணம். ஆகவே, "வெயில் காலத்தில்தானே போகிறோம்" என்று மழைக்கான ஏற்பாட்டை விட்டுவிடக் கூடாது.

பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் பயணமென்றால் ஐந்து நாளுக்கு உணவும் விடுப்பும் இருக்க வேண்டும். ஆறு பெருகினால் அது வடியும்வரை காத்திருக்க அந்த ஒரு நாள் உதவும். திங்கட்கிழமை காலை விரிவுரைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தோடு ஞாயிறு மாலை பெருகிய ஆற்றில் இறங்குவதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

யார் யார் செல்வது?

ஒரு குழுவின் வேகம் அதன் மிக மெதுவான உறுப்பினரின் வேகமே. இதை ஏற்றுக்கொள்ளாத எந்தத் திட்டமும் முதல் நாள் பிற்பகலிலேயே குலைந்துவிடும். முன்னே வேகமாகச் செல்பவர்கள் முகாமில் காத்துக் கிடப்பார்கள். கூடாரம் ஒருவர் பையிலும் அதன் கழிகள் இன்னொருவர் பையிலுமாகப் பிரிந்து கிடக்கும். பின்தங்கிய இருவர் இருட்டில் வழி தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே, மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அனுபவமுள்ள ஒருவரைக் கடைசியில் வரச் செய்வது நல்லது. வழிகாட்டியும் கடைசி ஆளும் தவிர மற்றவர்கள் எப்போதும் முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்தபடியே நடக்க வேண்டும்.

உடல்நிலையை மறைக்காமல் சொல்வது அடுத்த கடமை. ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய முட்டிவலி, உணவு ஒவ்வாமை ஆகியவற்றைக் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை. எல்லார் முன்னிலும் கேட்காமல் தனியாகக் கேட்டு, சொன்னதைத் தமக்குள் வைத்துக்கொள்வது தலைவரின் பண்பு. ஆஸ்துமா உள்ளவரின் உறிஞ்சுக் குப்பி அவருடைய சட்டைப் பையில் ஒன்றும் முதலுதவிப் பையில் ஒன்றும் இருந்தால், பலருக்குப் பயணமே சாத்தியமாகிவிடும். ஐயம் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டே பெயர் கொடுக்க வேண்டும்.

பயிற்சிக்குக் குறைந்தது எட்டு வாரம் ஒதுக்குங்கள். விடுதியின் மாடிப்படிகளில் பையோடு ஏறி இறங்குவதே செலவில்லாத சிறந்த பயிற்சி. வாரந்தோறும் பையின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். பிறகு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் 1493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலையிலும், ஜொகூர், சிங்கப்பூர் நண்பர்கள் 1276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையிலும் முழுச் சுமையோடு ஒரு முறை ஏறிப் பார்க்கலாம். அவற்றுக்கும் முன் அனுமதி தேவை. இந்த ஒத்திகையின் பயன் கால்களுக்கு மட்டுமன்று. யாருடைய சப்பாத்து கடிக்கிறது, யாருடைய பை தோளை அறுக்கிறது, யார் களைப்பில் எரிந்து விழுகிறார் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். ஒத்திகைக்கு வராதவர் மலைக்கும் வரக்கூடாது என்ற விதியைத் தயங்காமல் வைக்கலாம்.

நேரத்தைக் கணக்கிடும் முறை

1892ஆம் ஆண்டில் நேய்ஸ்மித் எனும் ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய கணக்கைச் சொன்னார். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். திறந்த மலைச்சரிவில் நல்ல பாதையில் நடப்பவருக்கான கணக்கு இது. வேர்கள் பின்னிய, சேறு நிறைந்த நம் காட்டில், சுமையோடு நடக்கும் மாணவர்களுக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்வது பாதுகாப்பானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் தூரமும் 1000 மீட்டர் ஏற்றமும் இருக்கின்றன எனக் கொள்வோம். தூரத்துக்கு இரண்டு மணி; ஏற்றத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். மொத்தம் மூன்று மணி நாற்பது நிமிடம். இரட்டிப்பாக்கினால் ஏழு மணி இருபது நிமிடம். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் எட்டு மணி இருபது நிமிடம்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை 4.20க்கு முகாமை அடைந்துவிடலாம். மழையில்லாமல் இருந்தால் துணியைக்கூட உலர்த்தலாம். பத்து மணிக்குப் புறப்பட்டால் 6.20 ஆகிவிடும். ஊரில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருந்தாலும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கு முன்னரே இருட்டிவிடும். இடையில் ஒருவருக்குக் கால் சுளுக்கினால் இரவில் நடக்க வேண்டியதுதான். காலையில் தூங்கிக் கழித்த இரண்டு மணி நேரத்தின் விலை மாலையில்தான் தெரியும். ஆகவே, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை மணிக்குள் எந்த முகாமைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதை எழுதி ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

உணவும் சுமையும்

சுமை, உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான அளவுகோல். 56 கிலோ எடையுள்ளவருக்கு 14 கிலோ. இதற்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் உணவையும் கிராம் கணக்கில் திட்டமிட வேண்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு: அரிசி 200 கிராம், ஆட்டா மாவு 120, பருப்பு 70, நெத்திலி அல்லது கருவாடு 50, கச்சானும் பேரீச்சையும் 100, மைலோ, பால்மாவு, சர்க்கரை 80, எண்ணெயும் மசாலைத்தூளும் 30. மொத்தம் 650 கிராம். ஏறக்குறைய 2500 கலோரி கிடைக்கும். உடல்வாகு பெரியவர்கள் கச்சானைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சைவ நண்பர்களுக்கு நெத்திலிக்குப் பதிலாகச் சோயாவையும் கூடுதல் பருப்பையும் சேர்க்கலாம்.

பன்னிரண்டு பேர் கொண்ட குழு, கூடுதல் நாளையும் சேர்த்து ஐந்து நாளுக்குச் சுமக்க வேண்டியது 39 கிலோ. ஆளுக்கு மூன்றேகால் கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ, கூடாரத்தில் தம் பங்கு ஒன்றரைக் கிலோ, அடுப்பு, எரிவாயு, பாத்திரத்தில் தம் பங்கு ஒரு கிலோ. ஆக, 14 கிலோவில் ஏழேமுக்கால் கிலோ போய்விட்டது. மீதியுள்ள ஆறேகால் கிலோவுக்குள் பை, உறக்கப் பை, விரிப்பு, உடை, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ஜீன்ஸ் கால்சட்டையும் ஒலிபெருக்கியும் தகரத்தில் அடைத்த சார்டினும் தாமாகவே வீட்டில் தங்கிவிடும்!

தண்ணீரை ஓடைகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்காமல், நன்றாகக் கொதிக்க வைத்தோ, வடிகட்டியோ, மாத்திரை போட்டுச் சொன்ன நேரம் காத்திருந்தோ குடியுங்கள். மலைமுகட்டில் நீர் கிடைக்காத இடங்களும் உண்டு. எந்த முகாமில் நீர் இருக்கும் என்பதை வழிகாட்டியிடம் கேட்டுத் திட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

உடையும் குளிரும்

விலை உயர்ந்த மலையேறும் சப்பாத்து வாங்கப் பணமில்லை என்று தயங்கும் மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். "அடிடாஸ் கம்போங்" என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து இந்தக் காட்டுக்கு மிகப் பொருத்தமானது. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் அணிந்த அதே சப்பாத்துதான். விலை மலிவு, சேற்றில் வழுக்காது, ஆற்றில் இறங்கி ஏறினால் நீர் வடிந்து சீக்கிரம் காயும். காலுக்குச் சரியான அளவு பார்த்து வாங்கி, ஒத்திகையில் அணிந்து பழக வேண்டும் என்பதே முக்கியம். அட்டைகளுக்கு முட்டி வரை வரும் அட்டைக் காலுறை போதும். தோட்டத்துப் பாட்டிமார் சொல்லும் புகையிலையும் சவர்க்காரமும்கூட உதவும். அட்டை கடித்தால் உயிர் போய்விடாது. அதைக் கண்டு அலறிப் பள்ளத்தில் விழுவதுதான் ஆபத்து.

அட்டையைவிட அஞ்ச வேண்டியது குளிர். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறைகிறது. கடலோரத்தில் இரவு வெப்பம் 23 பாகை என்றால், தாஹான் உச்சியில் அது 10 பாகையளவுக்கு இறங்கிவிடும். உடை நனைந்து, காற்றும் வீசினால், வெப்பமண்டல நாட்டிலும் உடல்வெப்பம் அபாயகரமாகக் குறையும். அடக்க முடியாத நடுக்கம், நாக் குழறல், தடுமாறும் நடை, எதிலும் அக்கறையற்ற அமைதி ஆகியவை அதன் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உடனே நடையை நிறுத்தி, காற்றுப் படாத இடத்தில் கூடாரம் அடித்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் உறக்கப் பையும் கொடுத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் தர வேண்டும்.

இதற்காகத்தான் ஓர் உலர்ந்த உடைத் தொகுதியை நெகிழிப் பையில் இரு மடிப்பாகக் கட்டித் தனியே வைத்திருக்க வேண்டும் என்கிறோம். அது இரவில் உறங்க மட்டுமே. மறுநாள் காலை எவ்வளவு வெறுப்பாக இருந்தாலும் முந்தைய நாளின் ஈர உடையையே மீண்டும் அணிந்து நடக்க வேண்டும். பருத்தி பனியன் நீரை உறிஞ்சிக் குளிரைக் கூட்டும் என்பதால் நடைக்கு விரைவில் உலரும் விளையாட்டுச் சட்டைகளே சிறந்தவை.

அனுமதி, வழிகாட்டி, வீட்டார்

தாஹான் ஏறப் பூங்காவின் அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். பூங்காவை நிர்வகிப்பது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. உள்ளே செல்லும்போது கொண்டு செல்லும் பொருள்களைப் பட்டியலிட்டுச் சரிபார்த்து, திரும்பும்போது குப்பை முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். இதைத் தொல்லையாக நினைக்காமல், வளாகத்திலேயே பொட்டலங்களின் மேலட்டைகளைக் களைந்து, எண்ணி எழுதிக்கொண்டு போனால் வேலை எளிது.

செலவுக் கணக்கில் போக்குவரத்து, காட்டு வாகனம், வழிகாட்டி ஊதியம், நுழைவுக் கட்டணம், காப்புறுதி, உணவு, கூடார வாடகை ஆகியவற்றோடு பத்து விழுக்காடு அவசர நிதியும் இருக்கட்டும். கல்விக் கடனை நம்பிப் படிக்கும் நண்பர்கள் நம்மில் ஏராளம். உறக்கப் பை, தலைவிளக்கு போன்றவற்றைச் சங்கம் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்து இளையவர்களுக்கு இரவல் கொடுத்தால், பணமில்லை என்பதற்காக யாரும் விலக வேண்டியிராது. முன்னாள் மாணவர்கள் இதில் மனது வைக்கலாம்.

வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு அனுமதி கிடைக்காது என்பதற்காக "தோழி வீட்டில் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு மலைக்கு வருவது நம்மிடையே இல்லாத வழக்கமன்று. பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு இருக்காது. ஏதேனும் நேர்ந்தால், எங்கே தேடுவது என்றே தெரியாத பெற்றோருக்கு எந்தத் தகவலை யார் சொல்வது? பெற்றோருக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்து, வழிகாட்டியையும் உடன் வரும் மூத்தவர்களையும் அறிமுகப்படுத்தி, பயணத் திட்டத்தைக் கையில் கொடுத்தால், மறுக்க நினைத்தவர்களும் பெரும்பாலும் இசைவார்கள். திட்டத்தின் ஒரு படி சங்க ஆலோசகரிடமும் இருக்க வேண்டும். எந்த நாள், எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் பூங்கா அலுவலகத்தையும் 999ஐயும் அழைக்க வேண்டும் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள்.

திரும்பும் விதி

இப்போது தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருவோம். எப்போது திரும்புவது என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டே புறப்பட வேண்டும். பின்வரும் மூன்று விதிகள் போதும்.

ஒன்று, நேர விதி. உச்சி நாளன்று, ஒப்புக்கொண்ட மணிக்குள் உச்சியை அடையாவிட்டால், நின்ற இடத்திலிருந்து எல்லாரும் திரும்ப வேண்டும். மதியம் பன்னிரண்டு என்று வைத்தால் பன்னிரண்டுதான். "இன்னும் பத்தே நிமிடம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு, நீர் விதி. ஆறு கலங்கி, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு வந்தாலோ, நீர் தொடைக்கு மேல் ஏறினாலோ கடக்கக் கூடாது. காட்டில் மழை நின்றால் ஆறு வடியவும் வாய்ப்புண்டு, காத்திருங்கள். கடக்கலாம் என்று வழிகாட்டி சொன்னால், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கோலூன்றி, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துக் கடக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும்.

மூன்று, ஒருவர் விதி. குழுவில் ஒருவர் முடியவில்லை என்றால், அவரைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. அவரோடு குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். பொறுப்பான துணையின்றிக் குழுவைப் பிரிக்க இயலாவிட்டால் எல்லாரும் திரும்ப வேண்டும். எந்த உறுப்பினரும் காரணம் சொல்லாமலேயே "திரும்பலாம்" என்று கேட்கும் உரிமை பெற்றவர். அவரை அப்போதும் கேலி செய்யக்கூடாது. ஊருக்கு வந்த பிறகும் கேலி செய்யக்கூடாது.

மூன்றாவது விதியே கடைப்பிடிக்கக் கடினமானது. தன்னால் மற்ற பதினொரு பேருடைய பயணமும் கெட்டது என்று பெயர் வந்துவிடுமே என்ற கூச்சத்தில், வலியை விழுங்கிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தைப் போக்கப் புறப்படுமுன் ஒரு நாள் எல்லாரும் வட்டமாக அமர்ந்து இந்த விதிகளை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்திட்டால் போதும். அப்போது திரும்புவது ஒருவருடைய தோல்வியாக இல்லாமல் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவாகிவிடும்.

ஊருக்குத் திரும்பிய பின் ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாகப் பரவும் மலேரியாவும் நம் நாட்டுக் காடுகளில் உள்ளவை. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு மலைக்கா என்று தோன்றலாம். போன்சாய் முகாமை நெருங்கும்போது காடு குட்டையாகி, குடுவைத் தாவரங்கள் பாதையோரம் தொங்க, மேகம் விலகிய ஒரு நொடியில் மூன்று மாநிலங்களின் மலைத்தொடர்கள் அலையலையாய்த் தெரியும் காட்சியைக் கண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மலாய் மொழியில் 'தாஹான்' என்ற சொல்லுக்குத் தாங்குதல், தாக்குப்பிடித்தல் என்று பொருள் உண்டு. ஒருவரையொருவர் தாங்கிச் செல்லும் குழுவுக்கு அம்மலை வழிவிடும். இந்த ஆண்டு வழிவிடாவிட்டாலும் என்ன, மலை அங்கேதான் இருக்கப் போகிறது. போன பன்னிரண்டு பேரும் பத்திரமாக வளாகத்துக்குத் திரும்பிவிட்டால், அடுத்த விடுமுறைக்கு மீண்டும் திட்டமிடலாம். பயணம் இனிதே அமைய வாழ்த்துகள்!